யானையும் தீனியும்: நடுத்தர அளவு நிழற்படக் கருவியின் வரலாறும் அதனை வாங்குவோர் ஆராய வேண்டுவனவும்

யானை வாங்கியவன் அங்குசத்துக்கு அழலாமா என்பது தமிழர் வழக்கிலுள்ள பழமொழி. பெரும்பொருள் கொடுத்து ஒன்றைப் பெற்றவன், அதனைப் பயன்கொள்ளுதற்கு வேண்டிய சிறுபொருளைச் செலவிடத் தயங்குதல் பேதைமை என்பது அதன் கருத்து. ஆயினும் அப்பழமொழி சொல்லாது விட்டதொன்றுண்டு. யானைக்கு வேண்டுவது அங்குசம் மட்டுமன்று. நாள்தோறும் தீனியும், குளிப்பாட்ட நீரும், நடத்தப் பாகனும், கட்ட இடமும் வேண்டும். யானையின் விலை ஒருமுறை கொடுத்துத் தீர்வது. தீனியின் விலை யானை உள்ளவரை தீராதது. விலையுயர்ந்த பழைய நிழற்படக் கருவி ஒன்றை வாங்கலாமா என எண்ணுவோர்க்கும் இவ்வுண்மை முற்றும் பொருந்தும்.

வன்னிப் பெருநிலப்பரப்பில், பரந்தனிலிருந்து முல்லைத்தீவு நோக்கிச் செல்லும் வீதியில், விசுவமடுவுக்கு மேற்கே அமைந்துள்ளது தர்மபுரம். அவ்வூரில் வாழும் நிழற்படக் கலைஞர் ஒருவர், கொழும்பிலோ வெளிநாட்டிலோ விற்பனைக்கு வந்துள்ள பழைய ஹசல்பிளாட் கருவியொன்றை வாங்க எண்ணுகின்றார் எனக் கொள்ளலாம். அதன் விலை சிறு விவசாயி ஒருவரின் ஒரு போக நெல்வருவாயை விழுங்கிவிடக்கூடும். திருவள்ளுவர் தெரிந்துசெயல்வகை என்னும் அதிகாரத்தைத் தொடங்குமிடத்து, ஒரு செயலில் இறங்குமுன் அதனால் இழப்பது யாது, அடைவது யாது, அடைந்தபின் அது மேலும் தருவது யாது என்னும் மூன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டுமென்கின்றார். இம்மூன்றனுள் முதலாவதை விலைச்சீட்டுச் சொல்லும். இரண்டாவதை விற்பவர் சொல்வார். மூன்றாவதை வரலாறே சொல்லவல்லது. ஆதலின் அவ்வரலாற்றை ஒருவாறு ஆராய்ந்த பின்னரே வாங்கலாமா என்னும் வினாவுக்கு விடை காணல் முறையாகும்.

நிழற்படக்கலை இலங்கையில் வேரூன்றிய காலத்தில், நெகட்டிவ் என வழங்கும் எதிர்ப்படம் கண்ணாடித் தகட்டிலேயே எடுக்கப்பட்டது. பிரெடெரிக் ஸ்கொட் ஆர்ச்சர் என்னும் ஆங்கிலேயர் 1851 இல் வெளியிட்ட ஈரத்தகட்டு முறையில், தகட்டின்மீது மருந்தைப் பூசி, அது காயுமுன் படம்பிடித்து, காயுமுன்னரே அதனைத் துலக்கவும் வேண்டும். ஆகவே நிழற்படக் கலைஞர் செல்லுமிடமெல்லாம் அவருடைய இருட்டறையும் உடன்சென்றது. கண்டியில் நிழற்படத் தொழில் நடத்திய யோசப் லோட்டன், 1870, 1871 ஆம் ஆண்டுகளில் அநுராதபுரம், பொலநறுவை, சீகிரியா முதலிய இடங்களின் இடிபாடுகளை அரசினர்க்காகப் படம்பிடித்தார். அன்று காடு மண்டிக்கிடந்த அவ்விடங்களுக்குக் கருவியை மட்டும் கொண்டுசென்றிருப்பின் ஒரு படமும் கிடைத்திராது. தகடும், மருந்தும், நீரும், கூடாரமும் ஒருங்கு சென்றமையாலேயே அப்படங்கள் உண்டாயின.

இதன் மறுபுறத்தை யூலியா மார்கரெட் கமரன் அம்மையாரின் வாழ்க்கை காட்டும். தம் நாற்பத்தெட்டாம் வயதில் மகள் அன்பளிப்பாகக் கொடுத்த கருவியைக் கொண்டு படம்பிடிக்கத் தொடங்கிய அவர், இங்கிலாந்தில் அக்காலப் பெரியோர் பலரின் உருவங்களைப் படமாக்கிப் புகழ்பெற்றார். 1875 இல் இலங்கைக்கு வந்து, 1879 இல் இங்கேயே காலமானார். அவர் இங்கிலாந்தில் எடுத்தவை நூற்றுக்கணக்கானவை. இலங்கையில் எடுத்தவற்றுள் எஞ்சியவை முப்பதுக்குட்பட்டவையே. வேண்டிய இரசாயனப் பொருள்களும் தூயநீரும் இங்குக் கிடைத்தல் அரிதாயிருந்தமை அதற்குக் காரணமாகக் கூறப்படுகின்றது. கலைஞர் அவரே, திறமையும் குறைந்ததன்று. குறைந்தது கருவியைச் சூழ்ந்து நிற்க வேண்டிய துணைப்பொருளே.

கண்ணாடித் தகட்டின் சுமையைக் குறைத்தது சுருள்வடிவான படச்சுருள். அமெரிக்கராகிய ஜோர்ஜ் ஈஸ்ற்மன் 1888 இல் கொடாக் என்னும் கருவியை வெளியிட்டார். 1901 இல் அவருடைய நிறுவனம் இரண்டாம் இலக்கப் பிரவுணி என்னும் பெட்டிக் கருவியையும், அதற்கென 120 என்னும் இலக்கமுடைய படச்சுருளையும் விற்பனைக்கு விட்டது. அப்பெட்டியின் விலை 2 டொலர். சிறுவரும் வாங்கத்தக்க மலிவான அட்டைப்பெட்டி ஒன்றுக்காகத் தோன்றிய அதே படச்சுருளே, பிற்காலத்தில் ஹசல்பிளாட், ரோலிபிளெக்ஸ், மமியா முதலிய விலையுயர்ந்த கருவிகள் அனைத்திலும் இடம்பெற்றது. இன்றும் உற்பத்தியாவது அதுவே. கருவிகள் எத்தனையோ தோன்றி மறைந்தன. 120 இலக்கச் சுருளோ நூறாண்டைக் கடந்து நிற்கின்றது. விலையுயர்ந்தது கருவி, நிலைத்தது சுருள் என்னும் இவ்வுண்மை வாங்குவோர் முதற்கண் மனங்கொள்ள வேண்டியது.

இச்சுருளை நடுத்தர அளவு எனக் கூறும் வழக்குப் பின்னர் எழுந்தது. சினிமாவுக்கென அமைந்த 35 மில்லிமீற்றர் சுருளைப் பயன்படுத்தும் லைக்கா என்னும் சிறுகருவி 1925 இல் ஜேர்மனியில் வெளிவந்தது. அதன் சிறுபடத்துக்கும் பழைய பெருந்தகட்டுக்கும் இடையே நின்றமையால் 120 இலக்கச் சுருள் நடுத்தரமாயிற்று. சிறுசுருளின் ஒரு படம் நீளம் 36, அகலம் 24 மில்லிமீற்றர்; அதன் பரப்பு 864 சதுர மில்லிமீற்றர். நடுத்தரச் சுருளின் சதுரப்படம் பக்கமொன்றுக்கு ஏறத்தாழ 56 மில்லிமீற்றர். அதன் பரப்பு 3136 சதுர மில்லிமீற்றர். அஃதாவது மூன்றரை மடங்குக்கு மேல். 480 மில்லிமீற்றர் பக்கமுள்ள ஒரு சதுரப்படத்தை ஆக்க வேண்டின், சிறுபடத்தை 20 மடங்கு பெருப்பிக்க வேண்டும். நடுத்தரப் படத்தையோ ஒன்பது மடங்குக்கும் குறைவாகப் பெருப்பித்தாற் போதும். முகத்தின் சுருக்கங்களும், புடவையின் இழைகளும், கண்ணின் ஒளியும் கலங்காது நிற்பது இவ்வேறுபாட்டினாலேயே.

ஜேர்மனியின் பிறவுண்ஸ்வைக் நகரிலிருந்து 1929 இல் வெளிவந்த ரோலிபிளெக்ஸ், இரண்டு வில்லைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கொண்டது. மேல்வில்லை பார்ப்பதற்கு, கீழ்வில்லை படம்பிடிப்பதற்கு. படம்பிடிப்பவர் கருவியை மார்பளவில் ஏந்தித் தலைகுனிந்து நோக்குவார்; அவர் முகத்தைக் கருவி மறைப்பதில்லை. இலங்கையின் நிழற்படக் கலைஞருள் முதன்மையானவராக மதிக்கப்படும் லயனல் வென்ட் இவ்வகைக் கருவியையும் லைக்காவையும் கையாண்டார். 1900 இல் பிறந்த அவர் நியாயவாதியாகவும் பியானோ இசைவாணராகவும் விளங்கியவர். 1943 இல் தோன்றிய நாற்பத்துமூன்று குழுவினரோடு நெருங்கிய தொடர்புடையவர். 1944 இல் அவர் காலமானார். அவருடைய படங்கள் 1950 இல் இலண்டனில் நூலாக வெளிவந்தன. ஆனால் அவர் மறைந்தபின் அவருடைய நெகட்டிவுகள் அழிந்துபட்டன. அவர் தம் கைப்படக் கடதாசியிற் பதித்துவைத்த படிகள் ஒழிய, மீண்டும் படியெடுத்தற்கு மூலமில்லை. கருவியைப் பேணுவோர் பலர். அது ஈன்றதைப் பேணுவோர் சிலர் என்பதற்கு ஈழநாட்டு வரலாற்றில் இதனினும் துயரமான சான்று வேண்டியதில்லை.

இனி, வாங்குவோர் பலரின் உள்ளத்தைக் கவரும் ஹசல்பிளாட்டின் வரலாற்றை நோக்குதல் தகும். சுவீடன் நாட்டின் கோதன்பேர்க் நகரத்தைச் சேர்ந்த விக்ரர் ஹசல்பிளாட், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அந்நாட்டு விமானப்படைக்குக் கருவிகள் செய்து கொடுத்தார். போர் முடிந்தபின், 1948 ஒக்டோபரில் நியூயோர்க்கில் 1600எவ் என்னும் கருவியைப் பொதுமக்களுக்கு அறிமுகஞ் செய்தார். வில்லையையும், சுருள் பொதிந்த பின்பெட்டியையும், பார்வைக் கண்ணாடியையும் வெவ்வேறாகக் கழற்றி மாற்றத்தக்கதாய் அமைந்தமை அதன் புதுமை. வில்லையோடு அதன் விலை 500 டொலருக்கு மேற்பட்டது. ஆனால் அதன் உடலினுள் அமைந்த திரைஷட்டர் மிக நுண்ணியதாய் அடிக்கடி பழுதுபட்டது. 1957 இல் வெளிவந்த 500சி என்னும் கருவியில், ஷட்டர் உடலினின்றும் நீக்கப்பட்டு வில்லையினுள் அமைக்கப்பட்டது. அக்குடும்பத்தின் இறுதிக் கருவியின் உற்பத்தி 2013 இல் நிறுத்தப்படும்வரை, ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அவ்வமைப்பே தொடர்ந்தது.

இதனின்றும் வாங்குவோர் கற்கத்தக்க பாடமொன்றுண்டு. அருங்காட்சிப் பொருள் சேகரிப்போர் முதற்றோன்றிய 1600எவ் கருவியையே பெரிதும் விரும்புவர். அரிதாதல் அதன் விலையை உயர்த்தும். படம்பிடிக்க விரும்புபவர்க்கோ பின்றோன்றிய 500சி கருவியே உற்றது. விலையின் உயர்வு பயனின் உயர்வுக்குச் சான்றாகாது என்பதை ஒரே நிறுவனத்தின் இரு கருவிகளே காட்டிநிற்கின்றன.

அமெரிக்க விண்வெளிவீரராகிய வொல்ரர் சிறா, 1962 இல் ஹூஸ்ரன் நகரக் கடையொன்றில் ஹசல்பிளாட் 500சி ஒன்றை வாங்கி, அவ்வாண்டு ஒக்டோபரில் தாம் சென்ற விண்கலத்தில் அதனைக் கொண்டுசென்றார். அதன்பின் அந்நாட்டு விண்வெளிப் பயணங்களில் அந்நிறுவனத்தின் கருவிகள் நிலையாக இடம்பெற்றன. 1969 முதல் 1972 வரை சந்திரனில் இறங்கியோர் தம் பயணங்களில் பன்னிரண்டு ஹசல்பிளாட் கருவிகளை அங்கேயே விட்டுவந்தனர். திரும்பும்போது கொண்டுவரக்கூடிய எடைக்கு எல்லையிருந்தது. ஆகவே விலைமிகுந்த உடலையும் வில்லையையும் சந்திரமண்ணிற் கிடக்க விட்டு, சுருள் பொதிந்த பின்பெட்டிகளை மட்டும் கழற்றிக் கொணர்ந்தனர். எதை விடுவது, எதைச் சுமப்பது என்னும் வினா எழுந்தவிடத்து, படம்பதிந்த சுருளே சுமக்கத்தக்கதென அவர்கள் கொண்டனர். கருவி சுருளுக்காக, சுருள் கருவிக்காக அன்று.

தமிழ்நாட்டில் இதே உண்மையை வேறொரு வகையாற் காட்டியவர் மா. கிருஷ்ணன். பத்மாவதி சரித்திரம் என்னும் நாவலை இயற்றிய அ. மாதவையாவின் மகனாகிய அவர் 1912 இல் பிறந்து 1996 இல் மறைந்தவர். இயற்கையாராய்ச்சியாளராகவும் வனவிலங்குகளைப் படம்பிடிப்பவராகவும் புகழ்பெற்று, 1970 இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். ஒரு கருவியின் உடலையும் வேறொன்றின் தொலைவில்லையையும் பிற உறுப்புக்களையும் தாமே இணைத்து, சுமக்கப் பெரிதாகிய ஒரு கருவியைச் சமைத்து, அதற்கு நகைச்சுவையாக சூப்பர் பொண்டரோசா எனப் பெயரும் இட்டிருந்தார். காட்டில் யானையையும் காட்டெருமையையும் அவர் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையிலேயே படம்பிடித்தார். புகழ்பெற்ற பெயர் பொறித்த கருவி அவருக்குத் தேவைப்படவில்லை. தாம் எடுக்க வேண்டிய படம் எத்தகையது என்பதை முதலிற் கண்டு, அதற்கேற்பக் கருவியை அமைத்தார். பலர் கருவியை முதலில் வாங்கி, எடுக்க வேண்டிய படத்தைப் பின்னர்த் தேடுகின்றனர்.

கருவி நல்லதாயிருந்தும் அதற்குரிய தீனி அற்றுப்போனமையாற் கைவிடப்பட்டனவும் உண்டு. கொடாக் நிறுவனம் 1930களில் 620 என்னும் இலக்கமுடைய சுருளை வெளியிட்டது. அகலத்தால் அது 120 இலக்கச் சுருளை ஒத்தது. சுற்றப்படும் கட்டை மட்டும் வேறு. 1941 இல் வெளிவந்த மெடலிஸ்ற் என்னும் சிறந்த கருவி அச்சுருளையே வேண்டிநின்றது. 1995 இல் 620 சுருளின் உற்பத்தி நின்றது. இன்று மெடலிஸ்ற் வாங்குபவர், இருட்டிலிருந்து 120 சுருளைப் பழைய கட்டையில் தம் கையால் மாற்றிச் சுற்ற வேண்டியவராகின்றார். யப்பானில் 1970 முதல் உற்பத்தியான யஷிக்காமற் 124ஜி என்னும் கருவியின் ஒளியளவி இரசமின்கலத்தை நம்பியது; இரசத்தின் நச்சுத்தன்மை கருதி அம்மின்கலம் கைவிடப்படவே ஒளியளவி பிழைபடலாயிற்று. ஆயின் அதன் ஷட்டர் மின்கலமின்றி இயங்குவதாகலின், ஒளியளவைத் தனியாக அறியவல்லார்க்கு அக்கருவி இன்றும் பயன்படும்.

சுருள் உற்பத்தியும் தளராத தொழிலன்று. இந்திய அரசு 1960 இல் உதகமண்டலத்தில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் நிறுவனத்தை நிறுவியது. 1967 இல் உற்பத்தி தொடங்கி, சந்திரனைக் குறிக்கும் இந்து என்னும் பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருள்களை விற்றது. தமிழ்நாட்டின் மலைநகரொன்றில் உற்பத்தியான அச்சுருள் இந்தியாவெங்கும் பரவியது. 1996 இல் அது நலிந்த நிறுவனமென அறிவிக்கப்பட்டது. பின்னர் உற்பத்தியும் அற்றுப்போயிற்று. எண்மக் கருவிகள் பரவியபின் உலகின் பெருநிறுவனங்களும் ஆட்டங்கண்டன. கொடாக் நிறுவனம் 2012 சனவரியில் கடன்காரரிடமிருந்து பாதுகாப்புக் கோரி நீதிமன்றத்தை நாடியது. அதன்பின் இளைஞரிடையே படச்சுருளில் மீண்டும் நாட்டம் எழவே, பழைய கருவிகளின் விலையும் சுருளின் விலையும் ஒருங்கே ஏறின. இங்கிலாந்தின் இல்போர்ட், செக்நாட்டின் போமா ஆகிய பெயர்களில் கறுப்பு வெள்ளைச் சுருள்கள் தொடர்ந்து வெளிவருகின்றன.

இலங்கையில் படச்சுருள் உற்பத்தியாவதில்லை. ஆகவே ஒவ்வொரு சுருளும் வெளிநாட்டுச் செலாவணியால் வரவேண்டியதே. 2022 மார்ச்சு மாதத் தொடக்கத்தில் டொலர் ஒன்றுக்கு ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த மாற்றுவீதம், மே மாதத்தில் 350 ரூபாவையும் தாண்டியது. கருவியை அதற்கு முன்னரே வாங்கியவர் தாம் தப்பினதாக எண்ணியிருக்கலாம். ஆனால் சுருளை அவர் மாதந்தோறும் புதிய விலைக்கே வாங்க வேண்டியவரானார். யானை பழைய விலையில் வந்தாலும் தீனி அன்றைய விலையிலேயே வரும்.

ஒரு சிறுகணக்கு இதனைத் தெளிவாக்கும். சதுரப்படம் எடுக்கும் கருவியில் 120 சுருள் ஒன்று 12 படம் தரும். மாதம் இரு சுருள் பயன்படுத்துபவர் ஆண்டில் 24 சுருளில் 288 படம் எடுப்பார். கருவியின் விலை 60 சுருளை வாங்கித் துலக்கும் செலவுக்குச் சமமெனக் கொள்ளின், இரண்டரை ஆண்டில் சுருட்செலவு கருவியின் விலையை எட்டிவிடும். பத்தாண்டில் அதன் நான்கு மடங்காகும். மாதத்துக்கு ஒரு சுருளைத்தானும் தடையின்றி வாங்க இயலாதவர்க்கு, அக்கருவி அலுமாரியில் வைக்கும் அணிகலனாகவே முடியும். அதே 120 சுருளை ஏற்கும் யஷிக்கா, ரோலிக்கோட், மமியா இரட்டைவில்லைக் கருவிகள் ஹசல்பிளாட்டினும் விலை குறைந்தவை. அவை தரும் நெகட்டிவின் பரப்போ ஒன்றே. ஹசல்பிளாட்டுக்கும் அவற்றுக்குமுள்ள விலைவேறுபாடு பல ஆண்டுச் சுருளுக்குப் போதுமானதாகலாம்.

வாங்கத் துணிந்தவர், எக்கருவியாயினும், பெயரை நோக்காது உடலை நோக்க வேண்டும். மாரிக்காலத்து ஈரத்தில் வில்லையினுட் பூஞ்சணம் படர்தல் எம்நாட்டில் இயல்பு. வில்லையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து நோக்கின் சிலந்தியிழை போல அது தோன்றும். பழைய ஷட்டரில் எண்ணெய் இறுகிவிடின், ஒரு செக்கனளவான மெதுவேகங்கள் தயங்கும் அல்லது நின்றுவிடும். செவியாற் கேட்டே இதனை அறியலாம். சுருளை நகர்த்தும் பற்சில்லு தேய்ந்திருப்பின் படங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். பின்பெட்டியின் ஒளித்தடுப்புத் தேய்ந்திருப்பின் படத்தின் ஓரத்தில் வெளிச்சம் கசியும். இவையனைத்தையும் ஒருங்கே காட்டுவது ஒரு சுருளை இட்டுப் படம்பிடித்துத் துலக்கிப் பார்த்தலே. அச்சோதனைக்கு இடங்கொடாத விற்பனையை விட்டு நீங்குதல் நன்று. பழுதுபார்க்கவல்ல கைவினைஞர் எங்குள்ளார், உறுப்புக்கள் கிடைக்குமோ என்பவற்றையும் பணங் கொடுக்குமுன் உசாவி அறிதல் வேண்டும்.

இத்துணை இடர்ப்பாடுள்ள கருவி தர்மபுரத்துக்கு வேண்டியதோ என்னும் வினா எழுதல் இயல்பே. அதற்கு விடை அப்பகுதியின் அண்மைக்கால வரலாற்றிலேயே உள்ளது. 1990 முதல் வடபகுதிமீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையில் எரிபொருளும் மின்கலமும் அடங்கின. தேசிய மின்வழங்கலும் இருக்கவில்லை. மின்கலமின்றி இயங்கும் கருவியின் பெறுமதி என்னவென்பதை அக்காலத்தவர் அறிவர். 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை அழித்தது. 2008 இன் பிற்பகுதியில் கிளிநொச்சிப் பக்கத்து மக்கள் கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்தபோது தர்மபுரமும் விசுவமடுவும் அவர்கள் தங்கிய இடங்களாயின; 2009 தொடக்கத்தில் அங்கிருந்தும் எழுந்து, மே மாதம்வரை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு நகர்ந்தனர். ஒவ்வொரு முறையும் சுமையைக் குறைக்க நேர்ந்தது. அரிசியையும் குழந்தையையும் சுமந்த கையில் ஆல்பத்துக்கு இடமில்லாது போயிற்று. வன்னியிற் பல குடும்பங்களிடம் மூதாதையரின் படமோ, திருமணப் படமோ, இறந்த பிள்ளையின் படமோ இன்று இல்லாமைக்கு இதுவே காரணம்.

2017 பெப்ரவரி 20 ஆம் நாள், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலின் முன்றலிற் போராட்டந் தொடங்கினர். அவர்கள் கையில் ஏந்தியவை உறவினரின் நிழற்படங்களே. ஒருவர் இருந்தார் என்பதற்கு அப்படம் சான்று. வேறு படம் எஞ்சாத குடும்பம், அடையாள அட்டைக்கென எடுத்த சிறுபடத்தையோ குழுப்படத்தில் நகத்தளவாயமைந்த முகத்தையோ பெருப்பிக்க வேண்டியதாகின்றது. பெருப்பிக்குந்தோறும் முகம் கலங்குகின்றது. மூலமாகிய நெகட்டிவ் பெரிதாயிருந்து, அதுவும் பேணப்பட்டிருப்பின், அம்முகம் தெளிவாய் நின்றிருக்கும். நடுத்தரச் சுருளின் மூன்றரை மடங்குப் பரப்பு என்னும் கணக்கு இங்கு வெறுங்கணக்காய் நின்றுவிடுவதில்லை.

ஆயினும் நடுநிலையாக நோக்குமிடத்து, இதற்கு எதிரான வாதமும் வலிமையுடையதே. இன்று கைத்தொலைபேசி எடுக்கும் படத்துக்குச் சுருட்செலவில்லை. அதனை நொடியில் நூறு படியாக்கித் தொரன்ரோவிலும் இலண்டனிலும் உள்ள உறவினர்க்கு அனுப்பலாம். ஓரிடத்தில் மட்டும் உள்ள பொருள் எவ்வளவு அரியதாயினும் ஒரே இரவில் அழியும் என்பதை 1981 யூன் முதலாம் நாள் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தோடு எரிந்த 97,000 நூல்கள் உணர்த்தின. ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்மப் படிகளாக்கும் நூலகம் என்னும் முயற்சி 2005 இல் தோன்றியமையும் அவ்வுணர்வின் பயனே. நெகட்டிவை மட்டும் நம்புதல் அறிவுடைமையன்று. ஆனால் எண்மப்படியை மட்டும் நம்புதலும் அத்தகையதே. அதனைப் படிக்கப் பொறியும் மின்னும் வேண்டும். தொலைபேசி பழுதாகும், கடவுச்சொல் மறக்கப்படும். நெகட்டிவையோ ஒருவர் வெயிலிற் பிடித்து வெறுங்கண்ணாற் காணலாம். 2011 மார்ச்சு 11 ஆம் நாள் யப்பானைத் தாக்கிய ஆழிப்பேரலைக்குப் பின்னர், சேற்றிற் கிடந்த நிழற்படங்களைத் தொண்டர்கள் பெருந்தொகையாகத் திரட்டிக் கழுவி உரியவர்களிடம் ஒப்படைத்தனர். சேற்றினின்று எடுத்துக் கழுவி மீட்கத்தக்கதாயிருந்தமை கையில் ஏந்தத்தக்க படத்தின் சிறப்பு. ஆதலின் இரண்டும் வேண்டும்: சுருளில் ஒரு மூலமும், தொலைவில் அதன் எண்மப்படியும்.

பேணுதல் என்பது பெட்டியில் இடுதல் மட்டுமன்று. கறுப்பு வெள்ளைப் படத்தின் உருவம் வெள்ளியாலானது. முறையாகத் துலக்கிக் கழுவின், வண்ணப்படத்தின் சாயத்தினும் அது நெடிது நிற்கும். ஹைப்போ உப்பு எஞ்சாதவாறு போதிய நேரம் கழுவ வேண்டும். கிணற்றுநீரில் சுண்ணாம்பு மிகுந்திருப்பின், இறுதிக் கழுவலுக்கேனும் வடித்தநீரைப் பயன்படுத்தல் நன்று. இன்றேல் உலர்ந்த சுருளில் வெண்புள்ளி படியும். சுருளின் அசற்றேற் தளம் வெப்பத்திலும் ஈரத்திலும் புளித்துப் புளிக்காடி மணம் வீசிச் சுருங்கிக் கெடும். எனவே சோளகத்தின் புழுதியும் மாரியின் ஈரமும் அணுகாதவாறு, கடதாசி உறையிலிட்டு உலர்ந்த இடத்தில் வைத்தல் வேண்டும். ஒவ்வோர் உறையின்மீதும் பெயரும் ஊரும் நாளும் எழுதப்படல் வேண்டும். பெயரெழுதப்படாத முகம் இரு தலைமுறையில் அயலார் முகமாகிவிடும்.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கின் முடிவு அரிதன்று. கமரன் அம்மையாரிடம் கருவி இருந்தது, துணைப்பொருள் குறைந்தது. வென்ட் அவர்களிடம் படங்கள் இருந்தன, மூலங்கள் அழிந்தன. கிருஷ்ணனிடம் பெயர்பெற்ற கருவி இல்லை. ஆயினும் படங்கள் நிலைத்தன. சந்திரனுக்குச் சென்றோர் கருவியை விட்டுச் சுருளைக் கொணர்ந்தனர். ஆகவே தர்மபுரத்துக் கலைஞர் தம் பணத்தை முதலில் மூன்று பங்காக வகுத்தல் வேண்டும்: ஒன்று கருவிக்கு, ஒன்று மூன்றாண்டுக்கான சுருளுக்கும் துலக்கலுக்கும், ஒன்று பேணுதலுக்கும் எண்மப்படியாக்கலுக்கும். அவ்வாறு வகுத்தபின் முதற்பங்கு ஹசல்பிளாட்டுக்குப் போதுமாயின் அதனை வாங்குதல் தவறன்று. அது நெடுங்காலம் உழைக்கும் கருவியே. போதாதாயின், நன்னிலையிலுள்ள இரட்டைவில்லைக் கருவியொன்றை வாங்கி, எஞ்சிய பங்குகளைக் குறைக்காது காத்தலே தக்கது. மற்றையிரு பங்கையும் கருவிக்கே கொட்டுதல் மட்டும் எவ்வாற்றானும் ஏற்புடையதன்று.

வள்ளுவர் எண்ணச்சொன்ன மூன்றனுள் மூன்றாவது, அடைந்தது பின்னர் ஈன்றுதரும் பயன். தர்மபுரத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்த முதியவர் ஒருவரின் முகம், பெயரும் நாளும் எழுதிய உறையில், ஐம்பது ஆண்டு கழித்து அவருடைய பேரப்பிள்ளையின் பிள்ளைக்குக் கிடைக்குமாயின் அதுவே அப்பயன். அதனைத் தரவல்ல ஏற்பாடு உள்ளவர்க்கு எந்தக் கருவியும் மலிவே. இல்லாதவர்க்கு இலவசமாகக் கிடைப்பினும் அது விலைமிகுந்ததே.